இடப்புரி

“நட்டை இறுக்காம விட்டது என்ட பிழை எண்டு ஒரு கடதாசியில எழுதி, கையெழுத்து வச்சுத் தாங்க அங்கிள்.”

இதை மட்டும் ஹரல்ட் அங்கிளிடம் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தா. அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன கிழமையே சொன்னா. பிறகும் எத்தனையோ தரம் சொன்னா. காரணமும் இருந்தது. சுனாமியில் கடல் வந்த அன்று, தன் மனுசி பேர்னிஸைத் தேடி நாவலடி மணல் முழுக்க அலைந்தவர் அவர். மனுசியைக் காணவில்லை. எங்கள் அப்பாவைத்தான் கண்டெடுத்தார். தன் சேட்டைக் கழற்றி அப்பாவின் முகத்தை மூடி, ஒரு கதவுப் பலகையில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். அப்படிப்பட்ட ஆளிடம் போய், நீ பிழை விட்டாய், எழுதித் தா என்று கேட்டால் நாங்கள் மனிசரா என்று அம்மா கேட்டா. நானும் இரண்டு வருடம் ஏழு மாதம் மனிசியாக இருந்து பார்த்தேன். அண்ணன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

ஹரல்ட் அங்கிள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கல்லடியில் இருக்கும் அவருடைய கராஜில் அன்றைக்கு ஒரே ஒரு வாகனம்தான் நின்றது. பாசிக்குடாவில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஹொட்டலுக்காகக் கொழும்பில் இருந்து கொண்டுவந்த பழைய பிக்கப். வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓட வேண்டுமாம். பார்வைக்குப் பழசாகவும், ஓட்டப் புதுசாகவும் இருக்க வேண்டுமாம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி மரக்கட்டைகளில் வைத்திருந்தார்கள். அதற்கு அடியில் அவருடைய மகன் பிறையன் மல்லாக்கக் கிடந்தான். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“டிகிரி முடிச்ச ஆள் நீ. நான் எட்டாம் வகுப்பு. கடிதம் எழுதித் தரச் சொல்லி நானெல்லா உன்னட்ட வரவேணும்” என்றார்.

பகிடி விடுவதற்கு நான் வரவில்லை என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை வழக்கு என்றும் சொன்னேன். அப்போதுதான் கையில் இருந்த சீலைத் துண்டைக் கீழே வைத்தார்.

அண்ணனின் பெயர் தனோஜன். எங்கள் பிக்கப்பும் இதேபோல வெள்ளைக்காரன் காலத்து ஆஸ்டின்தான். அப்பா அதில் ஐஸ் பெட்டி ஏற்றி, நாவலடியில் மீன் எடுத்து, செங்கலடிச் சந்தைக்குக் கொண்டுபோவார். கடல் அப்பாவைக் கொண்டுபோன அன்று பிக்கப்பை வாவிப் பக்கம் உருட்டிவிட்டது. எட்டு நாள் கண்ணா மரப் பற்றைக்குள் சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டு கிடந்தது. அண்ணன் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவன். புத்தகத்தை மூடிவிட்டு அதைக் கட்டி இழுத்து வந்தான். நான் படிக்க வேண்டும் என்பதற்காக அவன் படிக்கவில்லை. இதை யாரும் வாயால் சொல்லவில்லை. யாரும் சொல்லாததால் எனக்கு மறுக்கவும் வழி இருக்கவில்லை.

எஞ்சின் ஓடியது. முன்பக்கம்தான் செத்துப்போயிருந்தது. ஸ்டியரிங்கைக் கால்வாசி சுற்றினாலும் சில்லுக்குத் தெரியாது. பள்ளத்தில் விழுந்து எழும்பினால் இரண்டு முன் சில்லுகளும் காய்ச்சல்காரனைப் போல உதறும். அண்ணன் மூன்று வருடம் அதோடு மல்லுக்கட்டினான். இரண்டாயிரத்து எட்டு தை மாதம் ஹரல்ட் அங்கிள் முன்பக்கம் முழுவதையும் பிரித்தார். சில்லு திரும்புகிற கிங் பின்களுக்குப் புதுப் புஷ் அடித்தார். உப்பில் மெலிந்த ஸ்பிரிங்குகளை எறிந்துவிட்டு, பெரிய வான் ஒன்றின் தடித்த ஸ்பிரிங்குகளைப் போட்டார். இரண்டு சில்லையும் இணைக்கிற டை ரொட் வளைந்திருந்தது. வேறொரு வாகனத்தின் முனைகளை எடுத்துப் புதிதாக ஒன்று செய்தார். ஒரு விரலால் ஓட்டலாம் என்று அண்ணன் நான் படித்த கம்பஸுக்கு வந்து எனக்குக் காட்டினான். வந்தாறுமூலை வாசலில் மூன்று தரம் வட்டமடித்தான். என் சிநேகிதி மேனுகாவுக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. மீன் நாற்றம் வேறு.

பன்னிரண்டு நாள் கழித்து, விடியற்காலை, ஐஸ் பெட்டிகளோடு போய்க்கொண்டிருந்தவன் ஆமிக்காரர் காவல் நிற்கிற ஒரு சென்றிக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தான். சில்லுகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. ஸ்டியரிங் கையில் சும்மா சுற்றியது. பிக்கப் தார்ப் பீப்பாய்களை இடித்து, மண்மூட்டைகளுக்குள் போய் ஏறியது. உள்ளே நின்ற ஒருவனுக்குக் கால் முறிந்தது. மற்றவர்கள் சுட்டார்கள். ஒரு குண்டு அண்ணனின் இடது காது மடலைக் கொண்டுபோனது. அவன் செத்துப்போகவில்லை. அதுதான் பிரச்சினையாகிவிட்டது. செத்திருந்தால் விபத்து என்று எழுதியிருப்பார்கள் என்று பிறகு ஒரு அதிகாரி அம்மாவிடமே சொன்னான்.

விசாரித்தவர்கள் கேட்டது மூன்று கேள்வி. முன்பக்க ஸ்பிரிங்கை ஏன் பலப்படுத்தினாய்? மீன் அவ்வளவு பாரமா, வேறு என்ன ஏற்ற இருந்தாய்? இது முதலாவது. இரண்டாவது, டை ரொட்டின் இரண்டு பூட்டு நட்டுகளும் கையால் தளர்த்தப்பட்டிருக்கின்றன என்று அவர்களுடைய வாகனப் பரிசோதகர் எழுதியிருக்கிறார். இடித்துவிட்டு விபத்து என்று சொல்வதற்காக நீயே தளர்த்தினாயா? மூன்றாவது, முதல் நாள் பின்னேரம் கம்பஸ் பக்கத்து இலக்கம் ஒன்றோடு பதினொரு நிமிடம் பேசியிருக்கிறாய். யார் அது? என்ன சொல்லித் தந்தார்கள்?

முதல் இரண்டுக்கும் அண்ணன் தெரிந்ததைச் சொன்னான். மூன்றாவதற்கு, ஒரு பெட்டை, விரும்பித் திரிந்தேன், பெயர்கூடச் சரியாகத் தெரியாது என்றான். அவன் அடி வாங்கியது அந்த மூன்றாவது பதிலுக்காகத்தான்.

அந்தக் குரல் என்னுடையது. போன் மேனுகாவுடையது. அவள் அதே வருடம் கட்டாருக்குப் போய்விட்டாள். பிக்கப்பைத் திருத்துகிற ஆங்கிலப் புத்தகம் சேற்றில் ஊறிப் பக்கம் பக்கமாக உதிர்ந்துகொண்டிருந்ததால், போட்டோக் கொப்பி எடுக்க நான் கம்பஸுக்குக் கொண்டுபோயிருந்தேன். அதில் இருந்ததை அவன் கேட்டான், நான் வாசித்து விளங்கப்படுத்தினேன். நடந்தது அவ்வளவுதான். ஆனால் சொல்லக் கூடாது என்றார்கள். சொன்னால் ஒரு பிள்ளை இருக்கிற இடத்தில் இரண்டு பிள்ளை இருக்கும் என்று அம்மா சொன்னா. முதல் தடவை பார்க்கப் போனபோது அண்ணனும் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து தலையை மட்டும் ஆட்டினான். நான் கேட்டு நடந்தேன். பரீட்சை எழுதினேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்று தொப்பி போட்டுப் படமும் எடுத்தேன்.

சட்டத்தரணி சரீப் இப்போது இரண்டு வழி சொல்கிறார். அண்ணன் செவ்வாய்க்கிழமை குற்றத்தை ஒத்துக்கொண்டால் புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்புவார்கள். ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து வெளியே விடுவார்கள். ஆனால் சாகும்வரை அவன் சென்றியில் வாகனம் ஏற்றியவன்தான். கடவுச்சீட்டு இல்லை, வேலை இல்லை, கிழமைக்கொரு தரம் யாராவது வீட்டுக்கு வந்து எண்ணிவிட்டுப் போவார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வழக்கு. வழக்கென்றால் நட்டு ஏன் தளர்ந்தது என்று ஒருவர் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் வேலை செய்த மெக்கானிக்தான் என்று நான் நம்பினேன். அவர் இறுக்க மறந்திருக்கிறார், வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறார் என்றுதான் இந்த இரண்டரை வருடமும் அவர்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவைத் தூக்கி வந்ததற்காக அண்ணனை வைத்துக்கொள்ளலாமா?

இதை அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். வாகனத்துக்கு அடியில் ஸ்பனர் சத்தம் நின்றது.

ஹரல்ட் அங்கிள் மெதுவாகத்தான் பதில் சொன்னார். புது ஸ்பிரிங் ஓடி ஓடித்தான் தன் உயரத்துக்கு இறங்கும். அதற்குப் பிறகுதான் சில்லின் கோணத்தை அளந்து நட்டைப் பூட்ட வேண்டும். அதனால் அரை இறுக்கத்தில் விட்டு, ஒரு கிழமை பைய ஓடிவிட்டு வா என்று தனோஜனிடம் சொல்லி அனுப்பினார். அந்தக் கிழமை இந்தப் பக்கம் முழுக்கச் சுற்றிவளைப்பு. கராஜ் பூட்டு. அவன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான்.

“அரை இறுக்கத்தில விட்டது பிழைதான். அதை எழுதட்டா? எழுதினா என்னட்ட என்ன கேப்பான்? தடிச்ச ஸ்பிரிங் ஏன் போட்டாய், ஆர் சொல்லிப் போட்டாய் எண்டு கேப்பான். மறுகா வந்து கூட்டிப் போறது என்னை இல்ல. இந்தா கிடக்கானே, இவனை.”

“டடா, என்னைச் சாட்டாதீங்க” என்றான் பிறையன் கீழே இருந்து.

இரண்டு வருடத்துக்கு முன் அண்ணனைப் பயங்கரவாதியாக்கிய அதே தடித்த ஸ்பிரிங்கை, இன்றைக்கு ஹொட்டல்காரனுக்கு அவர் பயமில்லாமல் போட்டுக்கொண்டிருந்தார். அதையும் சொல்லிக் காட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது போதவில்லை. எழுதாமல் நான் போகப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, சாரதிப் பக்கத்துச் சில்லுக்குக் கிட்டக் கிடந்த ஒரு வெற்றுப் பெட்டியில் உட்கார்ந்தேன்.

அவர் வேலையைத் தொடர்ந்தார். நான் இருந்தால் இருக்கட்டும், களைத்தால் போவேன் என்று நினைத்திருப்பார். இரண்டு முன் சில்லுக்கும் நடுவே முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் தடியை வைத்து அளந்தார். நூல் பிடித்துப் பார்த்தார். ஏதோ ஒரு சின்ன வித்தியாசம். டை ரொட்டைக் கொஞ்சம் சுற்றச் சொன்னார், திரும்ப அளந்தார். பிறகு சரி, இறுக்கு என்றார். பிறையன் அந்தப் பக்கத்து நட்டை இறுக்கிவிட்டு, முதுகால் ஊர்ந்து நான் இருந்த பக்கம் வந்தான்.

“அது லெஃப்ட் ஹேன்ட் த்ரெட். மற்றப் பக்கம் சுத்து” என்றார் ஹரல்ட் அங்கிள்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். நான் வாசித்த சொல். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போதுமே தெரியாது.

“இது வலப்பக்கமெல்லா. லெஃப்ட் ஹேன்ட் எண்டா இடக்கைப் பக்கத்துல இருக்கிற புரிதானே?”

பிறையன் சிரித்தான். படித்த ஆட்களுக்கு நட்டு விளங்காது என்று சொல்லிக்கொண்டே முகத்தை வெளியே நீட்டினான். “பக்கம் இல்ல தங்கச்சி, அது புரி. புரி எந்தப் பக்கமாச் சுத்திக்கொண்டு போகுது எண்டுறதுதான். இடப்புரி எங்கயும் இருக்கும். இதில வலப்பக்கம் இரிக்கி. உங்கட பிக்கப்பிலயும் வலப்பக்கம்தான் வச்ச...”

“நீ வாயைப் பொத்து” என்றார் ஹரல்ட் அங்கிள்.

மகனை அதட்டுகிற குரல் இல்லை அது. பயந்த குரல். அவர் பிறையனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் எதையோ மிதிக்கப் போகிறேன் என்பது போலப் பார்த்தார்.

அந்தப் பதினொரு நிமிடத்தில் ஏழு நிமிடம் நான் சொல்லைத் தேடினேன். ஈரத்தில் எழுத்து ஊறியிருந்தது. இரண்டாம் வருடம், ஆங்கிலம் ஒரு பாடம், அந்த மிதப்பு. ஒரு முனையில் லெஃப்ட் ஹேன்ட் த்ரெட் என்று போட்டிருந்தது. இடக்கைப் பக்கத்துப் புரி, அதை மட்டும் மற்றப் பக்கம் சுத்தி இறுக்கணுமாம், வலப்பக்கத்தை வழமை போல இறுக்கு என்றேன். எந்த நட்டுக்கு என்று நான் கேட்கவும் இல்லை. நிச்சயமாகத் தெரியுமா என்று அவன் கேட்டான். இங்கிலீஷ் நான் படிச்சனா நீ படிச்சியா என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, சரி டீச்சர் என்றான்.

“பொலிசில வாகனத்தைப் பாத்தீங்களா?” என்று பிறையனிடம் கேட்டேன்.

அவன் தகப்பனைப் பார்த்தான். சம்பவம் நடந்த மூன்றாம் நாள் இரண்டு பேரையும் கூட்டிப்போய்க் காட்டினார்கள் என்றான். அரை இறுக்கத்தில் இருந்த நட்டு தானாகக் கழன்றிருந்தால் நடுவில் எங்காவது ஆடிக்கொண்டு கிடக்கும். இவை இரண்டும் வெளிப்பக்கமாக ஓடி, புரி முடிகிற இடத்தில் சிக்கி நின்றன. ஸ்பனர் போட்டு இழுத்த புதுக் காயம் இரண்டிலும் இருந்தது. இடப்பக்கத்தை மாற்றிச் சுற்றியிருக்கிறான், வலப்பக்கத்தை வழமை போலச் சுற்றியிருக்கிறான். இரண்டும் கழற்றுகிற பக்கம். புரி முடிந்து நட்டு நின்றதும் இறுகிவிட்டது என்று நினைத்திருப்பான். அதற்குப் பிறகு டை ரொட்டின் குழாய் தன்பாட்டில் சுற்றிச் சுற்றி, ஒரு முனையை விட்டுவிட்டது.

“ஒரு பக்கம் பிழைச்சிருந்தாலும் மற்றது பிடிச்சிருக்கும்” என்றான். “ரெண்டும் பிழைக்க வேணுமெண்டா, ஆரோ பிழையாச் சொல்லிக் குடுத்திருக்க வேணும்.”

யார் என்று அவனுக்குத் தெரியாது. சொல்லிவிட்டு அப்பாவியாகக் கிடந்தான். ஹரல்ட் அங்கிளுக்குத் தெரிந்திருந்தது.

“அங்கிள், உங்களுக்கு ஆர் சொன்ன?”

அவர் சீலைத் துண்டை எடுத்துத் துடைத்த விரல்களையே திரும்பவும் துடைத்தார். “கொம்மா” என்றார்.

பொலிசில் கண்டதை அன்று பின்னேரமே அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். யாரோ பெடியனுக்கு இடமும் வலமும் மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னதும் அம்மா நிலத்தில் குந்திவிட்டாவாம். அண்ணன் வாகனத்துக்கு அடியில் கிடந்தபோது இரண்டு கையிலும் ஸ்பனர் இருந்தது. போனை அவன் காதோடு பிடித்துக்கொண்டிருந்தது அம்மா. நான் சொன்னதெல்லாம் அம்மாவுக்கும் கேட்டது.

“சொல்லிப்போடாதீங்க எண்டு என்ட காலைப் பிடிக்க வந்தா. நான் விடல்ல. மகள், கொம்மா சொன்னதை அப்பிடியே சொல்றன். ‘அவன் ஆம்புளப் புள்ள, எப்பிடியும் இன்னொரு குடிக்குப் போறவன். இவ போனா என்ட குடியில ஆளில்ல’ எண்டா. நான் என்னத்தைச் சொல்ற? எங்கட பறங்கி ஆக்களுக்குள்ள அப்பிடி ஒண்டும் இல்ல. உங்கட வளமை உங்களுக்கு.”

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். குடி என்கிற தாய்வழி வம்சமும் பெண் வழியாகத்தான் தொடரும். ஆண் கட்டிக்கொண்டு மனுசி வீட்டுக்குப் போவான். நான் பிறந்த நாளில் இருந்து கேட்ட கதை. சுனாமி வீடு வந்தபோது அம்மா அரசாங்கக் கச்சேரியில் சண்டை பிடித்து என் பெயரில் எழுதுவித்தா. அண்ணன்தான் அவவை ஏற்றிக்கொண்டு போனான். இதில் பிழை என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதினேன், எங்கள் ஊரில் பெண்ணுக்கு மதிப்பு இருக்கிறது என்று. நல்ல புள்ளி கிடைத்தது.

அண்ணனிடம் யாராவது கேட்டார்களா என்று கேட்டேன். அவனிடம் கேட்க வேண்டி இருக்கவில்லை என்றார் ஹரல்ட் அங்கிள். போனில் பேசியது ஒரு பெட்டை என்று பிடித்த அன்றே அவன் சொல்லிவிட்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிறையன் வெளியே வந்து எழும்பி நின்றான். இப்போதுதான் அவனுக்கு விளங்கியது. முழு ஆளாக நின்றபோது அவனுக்கு நரை தொடங்கியிருப்பதைக் கண்டேன். அண்ணனைவிட நாலைந்து வயதுதான் கூட. அவன் உள்ளே போய் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு வந்தான். தகப்பனின் முன்னால் வைத்தான்.

“எழுதிக் குடுங்க டடா. இறுக்க மறந்துபோனன் எண்டு எழுதுங்க. என்னைக் கூட்டிப் போனாப் போகட்டும்.”

ஹரல்ட் அங்கிள் கொப்பியைத் திறந்தார். கண்ணாடியைப் போட்டார். எந்த மொழியில் எழுத வேண்டும் என்று என்னிடம் கேட்டார். நான் கேட்டு வந்தது கிடைத்துக்கொண்டிருந்தது. இரண்டரை வருடம் நான் வெறுத்த மனிதர், தான் செய்யாத பிழையைத் தன் பெயரில் எழுதக் குனிந்திருந்தார். அதை அப்படியே வாங்கிக்கொண்டு போயிருப்பேன். பொய் என்பதற்காக விட்டுவிடுகிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை. அந்தக் கடிதம் நிற்காது என்பதால்தான் விட்டேன். மறந்துவிட்ட நட்டில் ஸ்பனர் காயம் எப்படி வந்தது? வெளிப்பக்கம் இழுத்து ஏன் இறுக்கியிருக்கிறது? பரிசோதகரின் அறிக்கையில் அது இருக்கிறது. அரச தரப்பு ஒரே கேள்வியில் கிழித்துவிடும். பிறகு பொய் சொன்ன மெக்கானிக், அவர் போட்ட தடித்த ஸ்பிரிங், அவருடைய மகன் என்று கதை நீளும்.

தளர்ந்த நட்டும், பதினொரு நிமிடமும், அவனுடைய இரண்டு கையும் ஒன்றாகப் பொருந்துகிற கதை ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லக்கூடிய ஆள் நாட்டில் நான் ஒருத்திதான்.

“எழுத வேணாம் அங்கிள்.”

“மகள், இரு. விசர் வேலை பாக்காத.”

சரீபிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடிக்கப் போகிறேன் என்று சொன்னேன். போனில் பேசியது நான், புத்தகத்தைப் பிழையாக வாசித்தது நான், அந்தப் போட்டோக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது, அதில் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் நான் எழுதிய தமிழும் இருக்கிறது. இடக்கைப் பக்கத்துப் புரி.

அது ஒரு சாட்சியே இல்லை என்றார் அவர். குரல் உயர்ந்தது. கம்பஸ்காரி, இயக்கத்துக்கு வேலை செய்தவள், தமையனுக்குப் போனில் வழி காட்டினவள், இப்போது கதை கட்டுகிறாள் என்பார்கள் என்றார். அவர் சொன்னது சரி. நானும் அதைத்தான் நினைத்தேன். யுத்தம் முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது, இனிப் பிடிக்க மாட்டார்கள் என்று நம்புகிற அளவுக்கு நான் பட்டம் எடுக்கவில்லை. என்னைப் பிடித்தால் அவனை விடுவார்கள் என்றும் இல்லை. பெரும்பாலும் விட மாட்டார்கள். இரண்டு கோப்பு இரண்டு மேசையில் கிடக்கும். அம்மா ஒரு கிழமை அங்கும் மறு கிழமை இங்கும் பார்சல் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவா. பெயரில் வீடு இருக்கும், வீட்டில் ஆள் இருக்காது.

“ரெண்டு பேரையும் உள்ள வைப்பானுகள்” என்றார். “ஒண்டும் மாறாது.”

“ஓம். மாறாது.”

“மறுகா என்னத்துக்கு?”

செவ்வாய்க்கிழமை அவன் கூண்டில் நின்று, வேண்டுமென்றே ஏற்றினேன் என்று ஒத்துக்கொள்ளப் போகிறான். அவன் வாயால் அது வரக் கூடாது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைக்கூட நான் அவரிடம் ஒழுங்காகச் சொல்லவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது.

பையை எடுத்துத் தோளில் போட்டேன். ஹரல்ட் அங்கிள் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அவர் பெரிய உடம்புக்காரர். கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.

“கொம்மாவைக் கேக்காமப் போகாத. என்னைத்தான் பேசுவா. அவவுக்கு நான் என்ன சொல்ற?”

“அவனை உள்ள விடக்குள்ள என்னைக் கேட்டவவா?”

பிறையன்தான் தகப்பனின் கையைப் பிடித்து விலக்கினான். அவர் பெரிதாக எதிர்க்கவில்லை. விலகும்போது ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமிவிட்டு, பஸ்ஸுக்கு நிற்காமல் ஓட்டோ பிடித்துப் போ என்று மட்டும் சொன்னார்.

வெளியே வெயிலில் கண் கூசியது. சரீப் நாலு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிவிடுவார். மூன்றேகால் ஆகியிருந்தது. ஓட்டோ எதுவும் கண்ணில் படவில்லை. டவுனுக்குப் போகிற பாலத்துப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினேன்.